சப்சிடென்ஸ்: புதைவா, அமிழ்வா, அழுந்தலா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் முதுகு அறுவை நோயாளிகளுக்கான கையேட்டில் 'சப்சிடென்ஸ்' (subsidence) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கேப் டவுன் அண்ணன் 'புதைவு' என்றார், மாரிட்ஸ்பர்க் அக்கா 'அமிழ்வு' என்றார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

நடப்பது என்ன என்று பார்ப்போம். இடுப்பில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே தேய்ந்துபோன தட்டை எடுத்துவிட்டுச் செயற்கைத் தட்டை வைக்கிறார்கள்: மேலும் கீழும் உலோகத் தகடு, நடுவே பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அந்தத் தகடு நாளடைவில் முள்ளெலும்புக்குள் சில மில்லிமீட்டர் இறங்கிவிடுவதுதான் சப்சிடென்ஸ். முள்ளெலும்பின் மேற்பரப்பு எங்கும் ஒரே உறுதியோடு இருப்பதில்லை. ஓரம் கெட்டி, நடுப்பகுதி மெலிசு, அதற்கடியில் கடற்பஞ்சு போன்ற எலும்பு. தகடு சிறியதாக இருந்து நடுவில் மட்டும் உட்கார்ந்தால் சுமை முழுவதும் மெலிந்த இடத்தில் விழும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு இன்னும் ஆபத்து. தட்டு இறங்கினால் இடைவெளியின் உயரம் குறையும், நரம்பு வெளிவரும் துளை குறுகும்.

ஸ்வீடனின் மருத்துவர் ஃபெர்ன்ஸ்ட்ரோம் தட்டுக்குப் பதிலாக வைத்து, 1966-இல் கட்டுரையும் எழுதிய எஃகு உருண்டைகளுக்கு நேர்ந்ததும் இதுதான். உருண்டை எலும்பைத் தொடும் இடம் கொஞ்சம், சுமையோ மேலுடம்பின் முழுச் சுமை. பல உருண்டைகள் எலும்புக்குள் இறங்கின. (நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு: கழுத்தில் உலோகத் தட்டு வைத்ததைப் பற்றி ரைட்ஸும் ஜூபெர்ட்டும் 1964-இலேயே தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்.) 1984-இல் பெர்லினில் முதன்முதல் பொருத்தப்பட்ட சாரிட்டே என்ற செயற்கைத் தட்டில், உருண்டைக்குப் பதில் தகடுகள் வந்தன.

இனி சொல்லுக்கு வருவோம். 'புதைவு' என்றால் முழுக்க மறைந்துபோவது. பிணத்தைப் புதைக்கிறோம், விதையைப் புதைக்கிறோம். முதுகு வலியோடு படிக்கிறவர் கண்ணில் அந்தச் சொல் படவேண்டாம். 'அமிழ்வு' தண்ணீரை நினைவூட்டுகிறது, அதில் சுமையின் வாடையே இல்லை. 'அழுந்தல்' அப்படியல்ல. மழைக்குப் பிறகு கரும்பு வண்டியின் சக்கரம் சேற்றில் நின்றுவிட்டால், டோங்காட்டில் வளர்ந்த என் ஆயா 'அழுந்திப்போச்சு' என்றுதான் சொல்வார். மேலே பாரம், கீழே இளகிய தரை, நடுவில் சக்கரம். தட்டின் கதையும் அதேதான்.

இன்னொரு வசதியும் உண்டு. புரோடிஸ்க் என்ற செயற்கைத் தட்டின் தகட்டில் துருத்தி நிற்கும் மேடு, எலும்பில் பள்ளம் வெட்டி வேண்டுமென்றே உட்செலுத்தப்படுவது. அது 'பதித்தல்'. வேண்டாமலே இறங்குவது 'அழுந்தல்'. எத்தனை மில்லிமீட்டர் என்பது 'அழுந்தாழம்'.

– டர்பனிலிருந்து

தம்பி, ஏற்கெனவே 'அழுத்தம்' இருக்கிறதே, குழம்பாதா? நிற்கும்போது இடுப்புத் தட்டுக்குள் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3 என்று 1999-இல் வில்கே என்பவரின் ஆய்வுக் குழு ஒருவரிடம் அளந்ததை அதே பக்கத்தில்தானே போட்டிருக்கிறோம்?

– கேப் டவுன்

குழம்பாது அண்ணா. திருத்து, திருந்து, வருத்து, வருந்து, அதே போல அழுத்து, அழுந்து. அழுத்தம் காரணம், அழுந்தல் விளைவு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உறவே தெரியாது, நமக்குச் சொல்லிலேயே தெரிகிறது. ஒரே பக்கத்தில் வந்தால் இன்னும் நல்லது.

– டர்பனிலிருந்து

சரி, அமிழ்வைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எக்ஸ்ரே அறிக்கையில் வெறும் 'அழுந்தல்' போதாது தம்பி. எந்த எலும்புக்குள் என்று கேட்பார்கள். மேல் முள்ளெலும்புக்குள் போனால் 'மேலழுந்தல்', கீழதற்குள் போனால் 'கீழழுந்தல்' என்று வைத்துக்கொள்ளலாமா? கீழழுந்தல் நாக்கில் கொஞ்சம் சிக்குகிறது. யாராவது சீர்செய்யுங்கள்.

– மாரிட்ஸ்பர்க்