முகவரி வேண்டாம், 'இடவொட்டு' எப்படி?

வணக்கம்.

புரதத்தின் மேல் ஒரு வேதிக்கூட்டம் (சில அணுக்கள் சேர்ந்த சிறு துண்டு) ஏறி, அந்தப் புரதம் கலத்துக்குள் எங்கே போய் நிற்பது என்று தீர்மானிக்கிறதே, அந்தக் கூட்டத்துக்கு நம் கலைச்சொற் பட்டியலில் 'முகவரி' என்று பெயர் வைக்கலாம் எனப் போன கிழமை இங்கே ஒருவர் எழுதியபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. (சென்னை நண்பர்களுக்கு: கலம் என்றால் உங்கள் செல். கொழும்பில் உயர்தரத்துக்குப் படித்த சொல், விட மனம் வரவில்லை.) ஆனால் முகவரி பொருந்தாது.

கல உயிரியலாளர் குந்தர் புளோபெல் காட்டிய விஷயத்துக்குத்தான் அந்தப் பெயர் சரி. போக வேண்டிய இடம் புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே எழுதியிருக்கிறது என்றார், 1999இல் நோபல் பரிசும் வந்தது. நாம் பெயர் தேடுவது பிறகு ஏறுவதற்கு. எச்-ராஸ், என்-ராஸ் புரதங்களைப் பாருங்கள்: வாலில் 15 காபன் கொண்ட ஃபானசைல் என்ற கொழுப்பு நிரந்தரமாக ஒட்டியிருக்கும், அதற்குப் பக்கத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் மேல் 16 காபன் கொண்ட பாமிற்றைல் என்ற இன்னொரு கொழுப்பு. கொல்கியில் (கலத்துக்குள் புரதங்களைப் பிரித்து அனுப்பும் இடம்) பாமிற்றைல் ஏறினால் புரதம் கலத்தைச் சுற்றியிருக்கிற கலமென்சவ்வுக்குப் போகும், ஒரு நொதியம் (சென்னையில் நொதி) அதைக் கழற்றிவிட்டால் திரும்பக் கொல்கிக்கே வந்து சேரும். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய்ப் பின்னேரம் திரும்புகிற கடைக்காரர் மாதிரி. அவருக்கு முகவரியா மாறுகிறது? கையில் இருக்கிற டிக்கட்தான் மாறுகிறது.

'கொழுப்பேற்றம்' என்றும் ஒரு யோசனை வந்தது. ஒட்சியேற்றம், பொசுபோரிலேற்றம் என்று எழுதிப் பழகிய கைக்கு அது இயல்பாக வரும், ஆனால் கிடாய் வளர்ப்பது போலக் கேட்கிறது. தவிர, இடம் காட்டுவது கொழுப்பு மட்டுமா? கலத்தின் கழிவைச் செரிக்கும் இலைசோசோமுக்குப் போக வேண்டிய நொதியங்களுக்கு மனோசு-6-பொசுபேற்று என்ற வெல்ல அடையாளம் வேண்டும், அது இல்லாவிட்டால் அவை கலத்துக்கு வெளியே போய்விடும்.

தமிழ் படிப்பிக்கிற என் அக்கா சொன்னதுதான் என்னை இரண்டு நாள் மயக்கியது. வீடு என்ற பெயர் 'வீட்டில்' என்றும் 'வீட்டுக்கு' என்றும் ஆவது உருபால்தானே, ஏழாம் வேற்றுமையை நினைத்து 'இடவுருபு' என்று வை என்றார். அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருபு எப்போதும் கடைசியில் வரும். மிரிஸ்டைல் என்ற 14 காபன் கூட்டமோ புரதம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே தலையில் இருக்கிற கிளைசீன் மேல் ஏறிவிடுகிறது, பொசுபேற்று நடுவிலும் உட்காரும். இதைச் சொன்னதும், "அப்ப அது ஒட்டு" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

சரி, இடவொட்டு. முன்னொட்டும் பின்னொட்டும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. இடவொட்டோடு ஏற்றம், நீக்கம் இரண்டையும் சேர்த்து எழுதலாம், ஒட்டு என்றாலே உரிக்கவும் முடியும் என்ற எண்ணம் தானாக வருகிறது.

உதைக்கிற இடம் ஒன்று உண்டு. என்ஃபாட் என்ற புரதம் பொசுபேற்றுகளைச் சுமக்கும்வரை கலத்தின் கருவுக்கு (நியூக்கிளியஸ்) வெளியே நிற்கும். கல்சியம் கூடினால் கல்சிநியூரின் என்ற நொதியம் அவற்றைக் கழற்றும், உடனே என்ஃபாட் உள்ளே போகும். (உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்குளோஸ்போரின் என்ற மருந்து தடுப்பது இந்தக் கழற்றலைத்தான்.) இங்கே ஒட்டு போனால்தான் கரு கிடைக்கிறது, பிறகு எப்படி இடவொட்டு என்று கேட்பீர்கள். வெளியே நிறுத்தி வைப்பதும் இடம் காட்டுவதுதானே?

சேர்த்தே எழுதுவோம். 'இட ஒட்டு' என்று பிரித்தால் தேடும்போது இரண்டு சொல்லாகிவிடும். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்கு முன் எழுதுங்கள், அன்றைக்குத்தான் பட்டியலைத் திருத்த உட்காருகிறேன்.