புதுப்பிப்பு: 30 தலைமுறைக் கணக்கு எங்கே இடிக்கிறது?

போன வாரம் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அடுத்து 8 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 30-ஆம் தலைமுறையில் 107 கோடி முன்னோர். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லையே, எங்கே தப்பு என்று கேட்டிருந்தேன்.

விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா தாய்மாமன் மகளைக் கட்டியவர். அவருடைய அம்மாவும் என் அம்மாவின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். ஆக எனக்குக் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி 8 பேர் இல்லை, 6 பேர்தான்! அத்தையோடு உட்கார்ந்து வம்சக் கிளை வரைந்தபோது ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்து நின்றது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

சொந்தத்தில் கட்டாத ஊர்களிலும் இதேதான். தூரத்து உறவென்று தெரியாமலே மணந்திருப்பார்கள். மேலே போகப் போக ஒரே ஆள் பல கிளைகளில் வருவார். 2004-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு, இன்று வாழும் எல்லோருக்கும் பொதுவான மூதாதை ஒருவர் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் வாழ்ந்திருக்கக்கூடும் என்கிறது. (வம்சாவளியில்தான். அவருடைய மரபணு நம் எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்பதில்லை.)

ஒரு கொள்ளுப் பாட்டியின் பிறந்த ஊர் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அவர் பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலை அத்தை சொல்லியிருக்கிறார். ஆடியில் போய் வந்து எழுதுகிறேன்.