பட்டாம்பூச்சி முட்டையைப் படமெடுக்க முதலில் வாங்க வேண்டியது மேக்ரோ லென்ஸா, ஃபிளாஷா?

மாடித்தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாடியில் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடிக்குக் கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சி வந்து முட்டையிட்டுச் செல்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் அந்த வெளிர்மஞ்சள் முட்டையையும், அதிலிருந்து வெளிவந்து பறவை எச்சத்தைப் போலவே தோற்றமளிக்கும் புழுவையும் படமெடுக்க மிகவும் ஆசைப்படுகிறேன். என்னிடம் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு சற்றே சிறியது) கேமராவும், அதனுடன் வந்த 18-55 கிட் லென்ஸும், ஒரு 50 மி.மீ. லென்ஸும் உள்ளன. கிட் லென்ஸை எவ்வளவு நெருக்கிப் பிடித்தாலும் முட்டை ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. கையில் 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னும் ஓராண்டு சேமித்து, மிகச் சிறியவற்றை நெருங்கிப் பெரிதாகப் படமெடுக்க உதவும் நல்ல மேக்ரோ லென்ஸ் வாங்குவதா, இந்தத் தொகைக்குள் இப்போதே தொடங்குவதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நெடுநோக்கு:
ஓராண்டு காத்திருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் பொறுமையில்லாமல், மின்தொடர்பு முனைகள் இல்லாத மலிவான எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெற்றுக் குழாய்) ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். கேமராவிலிருந்து லென்ஸுக்குக் கட்டளை போகாததால் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சர் முழுக்கத் திறந்தே நின்றது. எறும்பின் ஓர் உணர்கொம்பு மட்டும் தெளிவாகவும் மற்ற உடல் முழுவதும் புகைமூட்டமாகவும் விழுந்த படங்களைப் பார்த்துச் சலித்து, இரண்டு ஆண்டுகள் மேக்ரோ பக்கமே திரும்பாமல் இருந்தேன். பின்னர் யாரோ பயன்படுத்தி விற்ற 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் இந்தக் கலையில் எனக்கு நம்பிக்கை பிறந்தது. 1:1 உருப்பெருக்கத்தில்கூட, அதாவது பூச்சி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போதும், அந்த லென்ஸின் முகப்புக்கும் பூச்சிக்கும் இடையே சுமார் 14 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. பூச்சி மிரளாது, லென்ஸின் நிழலும் அதன்மேல் விழாது. தொடங்குபவருக்கு முதல் மாதத்தில் ஏற்படும் ஏமாற்றம் மிகவும் ஆபத்தானது.

தும்பி:
நெடுநோக்கு அவர்களின் படங்களை நான் மிகவும் மதிப்பவன். ஆயினும் அவரைச் சலிக்கவைத்தது முனைகள் இல்லாத அந்த ஒரு டியூபே என்று கருதுகிறேன். முனைகள் உள்ள 12, 20, 36 மி.மீ. டியூப் தொகுதிக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். அதில் அபெர்ச்சர் கேமராவின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும்.

மாடித்தோட்டம் நண்பர் கேட்டிருப்பது முட்டையைப் பற்றி. அவருடைய சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ., படத்தின் அகலம் 6000 பிக்சல். அவர் ஓராண்டு காத்திருந்து வாங்கும் 1:1 மேக்ரோ லென்ஸில் ஒரு மில்லிமீட்டர் முட்டை ஏறத்தாழ 255 பிக்சல் அகலத்தில்தான் விழும். அவரிடம் இப்போதே உள்ள 50 மி.மீ. லென்ஸில் மூன்று டியூப்களையும் சேர்த்துப் பொருத்தினால் நீட்சி 68 மி.மீ. ஆகிறது. நீட்சியைக் குவியத் தூரத்தால் வகுத்தால் 1.36 வரும், லென்ஸின் சொந்த உருப்பெருக்கமும் சேர்ந்து 1.5 மடங்கை எட்டும். அப்போது முட்டை 380 பிக்சல் அகலம் பெறும். லென்ஸின் முகப்பு ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் நெருங்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் முட்டை ஓடிவிடப் போவதில்லை; புழுவும் இலையில் அசையாமல் கிடப்பதே வழக்கம்.

மீதிப் பணத்தை ஃபிளாஷுக்குச் செலவிடுங்கள். லென்ஸைவிட அதுவே முக்கியம் என்று சொல்வேன்.

நெடுநோக்கு:
பிக்சல் கணக்கை ஏற்கிறேன். ஃபிளாஷைப் பற்றிச் சொன்னதை ஏற்க இயலாது. நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை வெளிச்சத்தில் எடுத்தவை. பனித்துளி படிந்த ஊசித்தட்டான் வெயில் ஏறும்வரை புல்நுனியைப் பிடித்தபடி அப்படியே இருக்கும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, காற்று நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்து, கால் விநாடி ஷட்டரில் எடுத்தால் இறகின் நரம்புகள் ஒவ்வொன்றும் மென்மையாகத் தெரியும், பின்னணியில் வயலின் பச்சை கரைந்து நிற்கும். ஃபிளாஷ் படங்களிலோ பின்னணி கரிய இருளாகி, நண்பகலில் எடுத்த படமும் நள்ளிரவில் எடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. அந்த உயிர் எங்கே வாழ்கிறது என்பதையே அது மறைத்துவிடுகிறது.

தும்பி:
விடியற்காலைத் தட்டானைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இவர் படமெடுக்கப் போவது மாடியில், காற்று ஓயாமல் ஆட்டும் ஓர் இலைக்காம்பின் மேல். உருப்பெருக்கம் கூடும்போது சென்சாரை அடையும் ஒளி குறைகிறது. கேமரா அபெர்ச்சரை எஃப் 8 (இந்த எண் கூடினால் துளை சிறிதாகும்) என்று காட்டினாலும், 1.5 மடங்கு உருப்பெருக்கத்தில் அது 2.5 ஆல் பெருகி எஃப் 20 போலவே ஒளியை உள்ளே விடும். சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100இல் நேர் வெயிலிலேயே 1/60 விநாடி தேவைப்படும். இலையின் நிழலில் அதுபோல் எட்டு மடங்கு நேரம். 1/250 விநாடியில் அசைவை நிறுத்த வேண்டுமானால் நிழலில் ஐஎஸ்ஓ 3200க்குப் போக வேண்டும். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் அதன் ஒளி பல்லாயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் அடங்கிவிடும்; அந்தச் சிறு கணத்தில் இலையின் ஆட்டமும் கை நடுக்கமும் படத்தில் பதிவதில்லை.

பின்னணி இருளாவதற்குக் காரணம் உண்டு. ஃபிளாஷ் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், அருகிலுள்ள முட்டைக்குப் போதுமான ஒளி இரண்டடி தள்ளியிருக்கும் சுவரை எட்டுவதில்லை. முட்டைக்குப் பின்னால் ஒரு கை அகலத்தில் மற்றோர் இலை இருக்குமாறு கோணத்தை மாற்றிக்கொண்டால் பச்சைப் பின்னணி கிடைத்துவிடும்.

எருக்கம்பூ:
இடையில் ஒரு சொல். வெறும் ஃபிளாஷை நேராக அடித்தால் தும்பி அவர்களின் ஆலோசனை தோற்றுப்போகும். பளபளப்பான முட்டையின்மேல் ஒரு வெண்புள்ளி விழுந்து மற்ற விவரம் எல்லாம் அழிந்துவிடும். பொன்வண்டின் முதுகிலும் சிலந்தியின் கண்ணிலும் நாம் காண்பது ஒளிமூலத்தின் பிம்பத்தையே. ஆகவே ஒளிமூலம் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு தாள் கூட்டின் உட்புறத்தில் அலுமினியத் தாளை ஒட்டி, முன்புறத்தை இரண்டு அடுக்கு டிரேசிங் தாளால் மூடி, லென்ஸின் நுனிக்கு மேலே முன்னோக்கிக் கவிந்து நிற்குமாறு கட்டிவிடுங்கள். எருக்கஞ்செடியில் அசுவினிக் கூட்டத்தை நான் படமெடுப்பது இப்படித்தான். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் இந்த டிஃப்யூசரைச் செய்து பழகவே எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகே என் படங்கள் மாறின.

கண்ணாடிவண்டு:
பூச்சிகள் அசைவதுதான் சிக்கல் என்றால், ஐந்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அவை மந்தமாகிவிடுமே. பலர் செய்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நெடுநோக்கு:
தயவுசெய்து இதைத் தொடங்குபவருக்குச் சொல்லாதீர்கள். குளிரில் முடங்கிய பூச்சியின் கால்கள் இயல்பற்ற விதத்தில் மடங்கியிருக்கும். பூச்சிகளை அறிந்தவர் கண்டவுடன் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட முக்கியமாக, ஒரு படத்துக்காக அந்த உயிரைத் துன்புறுத்துகிறோம். ஃபிளாஷ் குறித்து நானும் தும்பியும் எவ்வளவு வாதிட்டாலும் இதில் எங்களுக்குள் வேறுபாடு இராது.

தும்பி:
முழுமையாக உடன்படுகிறேன். குளிர்ச்சி தேவையென்றால் விடியற்காலை அதை இலவசமாகத் தருகிறது.

நெடுநோக்கு:
ஆனாலும் என் முதல் ஆலோசனையை நான் விட்டுவிடவில்லை. முட்டையோடு யாருடைய ஆசையும் நிற்பதில்லை. அடுத்த மாதம் அதே மாடியில் குதிக்கும் சிலந்தியைப் பார்ப்பார். செவ்வெறும்பைப் போலவே வேடமிட்டுத் திரியும் சிலந்தி நம் மாமரங்களில் உண்டு. ஆண் சிலந்தியின் தாடை அதன் உடலுக்கு முன்னே நீண்டு, எறும்பு இன்னோர் எறும்பைச் சுமப்பதுபோல் தோன்றும். ஐந்து சென்டிமீட்டர் நெருங்கினால் அது இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அன்று அவருக்கு 14 சென்டிமீட்டர் இடைவெளியின் மதிப்பு விளங்கும்.

தும்பி:
அன்று அவர் லென்ஸ் வாங்கட்டும். மேக்ரோ லென்ஸ் எதற்காகப் பிறந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிக்கான் நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் மைக்ரோ நிக்கோர் லென்ஸ், நுணுக்கமான ஜப்பானிய எழுத்துகள் நிறைந்த ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் பதிவதற்காக வடிவமைக்கப்பட்டது. தட்டையான தாளின் மூலைவரை தெளிவு வேண்டும் என்பதே அதன் நோக்கம். முட்டையும் புழுவும் தட்டையானவை அல்ல. படத்தின் மூலைகள் மங்கலாகத்தான் இருக்கப் போகின்றன. 50 மி.மீ. லென்ஸின் மூலைக் குறைகள் இந்த வேலையில் யார் கண்ணுக்கும் தெரியாது.

மாடித்தோட்டம்:
மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். முனைகள் உள்ள டியூப்களையும் ஒரு மேனுவல் ஃபிளாஷையும் வாங்கினேன். எருக்கம்பூ அவர்கள் சொன்னபடி டிரேசிங் தாள் டிஃப்யூசரும் செய்தேன். முதல் இரண்டு நாள்கள் மூன்று டியூப்களையும் ஒன்றாகப் பொருத்தியதால் முட்டையைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பிறகு 12 மி.மீ. டியூபில் தொடங்கிப் படிப்படியாக ஏறினேன். எஃப் 8இல் ஃபோகஸ் ஆழம் முட்டையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வருகிறது. எஃப் 16க்குப் போனால் ஆழம் கூடினாலும் படம் முழுவதும் மென்மையாகிவிடுகிறது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதை விட்டு, இலைக்காம்பை இடக்கை விரல்களில் பிடித்து, லென்ஸை அதே கையின்மேல் சாய்த்து, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எடுத்தபோது ஐம்பதில் நான்கு படங்கள் தேறின. ஒன்றில் முட்டையின் மேற்பரப்பு முழுத் தெளிவுடன் வந்திருக்கிறது.

நெடுநோக்கு அவர்கள் எச்சரித்ததும் நடந்தது. சிலந்தி ஒன்று மூன்று முறை ஒளிந்துகொண்டது. ஆகவே லென்ஸுக்கான சேமிப்பையும் தொடங்கிவிட்டேன். இன்று மாலை ஒரு முட்டை கருத்திருக்கிறது. நாளை விடியலில் புழு வெளிவரும் என்று நினைக்கிறேன். எப்படித் தயாராக இருப்பது?

தும்பி:
முட்டையின் பக்கவாட்டைச் சென்சாருக்கு இணையாக வைத்துக்கொள்ளுங்கள். புழு பக்கவாட்டில் வெளிவந்தால் அதன் முழு நீளமும் ஒரே தளத்தில் அமையும். வெளிவந்தவுடன் அது பெரும்பாலும் முட்டையோட்டைத்தான் முதலில் தின்னும். ஆகவே அவசரப்படாதீர்கள், சற்று நேரம் அதே இடத்தில் இருக்கும்.

நெடுநோக்கு:
ஃபிளாஷ் இல்லாமலும், முக்காலியில் வைத்து, ஒரு படமாவது எடுத்துவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.