15 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வாசிக்க, கணக்குப் போட வருதான்னு எப்படி பாக்குறது?

தேன்மொழி:
வணக்கம். 15லேர்ந்து 24 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு வாசிப்பும் கணக்கும் எந்தளவுக்கு வருதுன்னு ஒரு சர்வே பண்ணப் போறோம், அதுல நெறைய பேர் ஸ்கூல பாதியில விட்டவங்க. "எழுதப் படிக்கத் தெரியுமா", "எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க" ரெண்டு கேள்வி போதும்னு டீம்ல சிலர் சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல. ஆனா 20 வயசு ஆள் கையில கார்டக் குடுத்து வாசிங்கன்னு சொல்றதும் சங்கடமா இருக்கு. கணக்குக்கு எப்படி கேக்குறதுன்னும் புரியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ரகு_களப்பணி:
அந்த ரெண்டு கேள்விய நம்பி முடிவு எழுதிடாதீங்க. இந்தியாவுல மக்கள்தொகைக் கணக்கெடுப்புல 7 வயசுக்கு மேல உள்ளவங்கள எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கன்னு பதியுறது வீட்டுல இருக்கவங்க சொல்றத வெச்சுத்தான், யாரையும் வாசிக்கச் சொல்லிப் பாக்குறதில்ல. பல நாடுகள்ல மக்கள்தொகை, உடல்நலம் பத்தி எடுக்குற டிஎச்எஸ் சர்வேல ஒரு வாக்கியம் உள்ள கார்டக் காட்டி வாசிக்கச் சொல்லுவாங்க, அது பரவாயில்ல, ஆனா அதுலயும் ஒரு லெவலுக்கு மேல படிச்சவங்களுக்கு டெஸ்டே கிடையாது, தெரியும்னே எழுதிக்குவாங்க. தப்பு நடக்குறதே அங்கதான். பிரதம்ங்கிற கல்வித் தொண்டு அமைப்போட அசர் 2023 சர்வே கிராமப்புறத்துல 14லேர்ந்து 18 வயசு உள்ளவங்கள நேர்ல பாத்து எடுத்தது, அதுல கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு ரெண்டாங் கிளாஸ் பாடத்த அவங்க மொழியிலயே தடுமாறாம வாசிக்க வரல, இத்தனைக்கும் அந்த வயசுல பெரும்பாலானவங்க எங்கயாவது படிச்சிட்டுதான் இருந்தாங்க. எத்தனாவது படிச்சாங்கன்னு மட்டும் கேட்டிருந்தா இது வெளியவே வந்திருக்காது.

இன்னொண்ணு, வீட்டுக்குப் போய் எடுங்க. ஸ்கூல்ல எடுத்தா நீங்க தேடுற ஆளே அங்க இருக்க மாட்டாங்க. அசர் 2005லேர்ந்து வீட்டுலதான் எடுக்குறாங்க, கென்யா, தான்சானியா, உகாண்டாவுல ஆரம்பிச்ச உவெசோங்கிற சர்வேயும் அதே வழிதான்.

செல்வி_கணக்கு:
கணக்கு பத்தி நான் சொல்றேன், ஏன்னா ரொம்பப் பேர் கோட்டை விடுறது இதுலதான். பேப்பர்ல கழித்தல் வகுத்தல் மட்டும் குடுத்தா பாதிதான் தெரியும். பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல தெருவுல வியாபாரம் பண்ற பசங்கள வெச்சு 1985ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, சின்ன ஆய்வுதான், ஆனா மறக்கவே முடியாது. வாங்க வர்ற ஆள் மாதிரி கேட்டப்ப 98 சதவீதம் சரியாச் சொன்னவங்க, அதே மாதிரி கணக்க வெறும் எண்ணா எழுதிக் குடுத்தப்ப 37 சதவீதம்தான் சரியாப் போட்டாங்க. 2025ல கொல்கத்தா, டெல்லி மார்க்கெட்ல வேலை பாக்குற பசங்க பத்தி வந்த ஆய்வும் இதையே காட்டுச்சு, கூடவே ஸ்கூல் போற பசங்க தலைகீழா இருந்தாங்க, புத்தகக் கணக்கு வருது மார்க்கெட் கணக்கு வரல.

அதனால ரெண்டு வகையும் வெச்சு, ரெண்டு ரிசல்ட்டையும் தனித்தனியா எழுதுங்க, கூட்டி ஒரே மார்க்கா ஆக்காதீங்க. மனசுல போடத் தெரிஞ்ச ஆளுக்கு எழுத்துக் கணக்கு வரலன்னா அவருக்குத் தேவையான பயிற்சியே வேற. அசர் 2017ல பணம் எண்றது, எடை கூட்றது, மணி பாக்குறது எல்லாம் கேட்டாங்க, அந்த மாதிரி கேள்வி பெரியவங்களுக்கும் கௌரவமா இருக்கும்.

தேன்மொழி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். சங்கடம் பத்திதான் இன்னும் பயமா இருக்கு, வாசிக்க வராத ஆள வீட்டு ஆளுங்க முன்னாடி குனிய வெச்சிடுவோமோன்னு.

ரகு_களப்பணி:
நியாயமான பயம்ங்க. மொதல்ல கூட்டம் சேராத எடமாப் பாத்து தனியா உக்காருங்க, எந்த மொழியில வாசிக்கணும்னு அவங்களையே கேளுங்க, வேண்டாம்னா விட்டுடலாம்னும் மொதல்லயே சொல்லிடுங்க. சின்னப் பசங்களுக்கான முயல் கதையெல்லாம் வேண்டாம், மருந்துச் சீட்டு, வேலை அறிவிப்பு மாதிரி எளிமையா எழுதி வெச்சுக்கலாம். எழுத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. அசர்ல எழுத்து, வார்த்தை, பத்தி, கதைன்னு படிப்படியா இருக்கும், நடுவுல உள்ள பத்தியிலேர்ந்து ஆரம்பிச்சு, வந்தா கதைக்குப் போவாங்க, வரலன்னா வார்த்தைக்கு எறங்குவாங்க. வாசிச்சதுக்கு அப்புறம் என்ன சொல்லுதுன்னு ஒரு கேள்வி கேளுங்க, சத்தமா வாசிக்கிறவங்க எல்லாருக்கும் அர்த்தம் புரியும்னு இல்ல. ஸ்டாப்வாட்ச எடுக்காதீங்க, வேகம் அளக்குறது சின்ன கிளாஸ் பசங்களுக்குச் சரி, வளந்த ஆளுக்குக் கை நடுங்கிடும்.

செல்வி_கணக்கு:
கணக்குக்கும் அதேதான். ஆரம்பிக்கிறப்ப வாய்க்கணக்கு கேளுங்க, பேப்பர் பேனா ரெண்டாவது.