ஏஜென்சி மூலம் வேலைக்குப் போனவர்கள், அனுப்பியவர்கள்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம்

மூன்றாவது ஷிஃப்ட்:

மேன்பவர் ஏஜென்சி ஒன்றில் எட்டு வருடம் கோஆர்டினேட்டராக இருந்தேன். ஷூவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மறுநாள் காலைக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும், குடோனில் மூட்டை இறக்கும் வேலை. கடைசி நேர ஆர்டர் எப்படி ஓடும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறரைக்கு ஒரு பையன் கேட்டிலிருந்து போன் செய்தான். "சார், சேஃப்டி ஷூ இல்லாம உள்ள விட மாட்டேங்கறாங்க. இங்க கேட்டா, ஏஜென்சிதான் தரணும்னு சொல்றாங்க." எங்கள் ஒப்பந்தத்தில் 'பாதுகாப்பு உபகரணங்கள் வழங்கப்படும்' என்று ஒரு வரி உண்டு. யார் வழங்குவார் என்று இல்லை. அந்தப் 'படும்' இரண்டு தரப்புக்கும் எவ்வளவு வசதி பாருங்கள். ஆபீஸ் அலமாரியில் கிடந்த ஒரே ஜோடியைக் கொடுத்தனுப்பினேன். அது பத்தாம் நம்பர், அவன் கால் ஏழு. "சமாளிச்சுக்கறேன் சார்" என்றான்.

நாலாம் நாள் இரும்புப் படியில் மூட்டையோடு இறங்கும்போது தடுக்கி விழுந்தான். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் அந்த ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். உள்ளே முனையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தான். நாலு நாள் வியர்வையில் ஊறிக் காய்ந்து, ஷூ முனையின் வடிவத்திலேயே கெட்டியாகியிருந்தது. ஏனோ அதை வெளியே உருவினேன். உருவிய பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் படிவத்தில் 'பணியிடம் நேரில் பார்வையிடப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது, கீழே என் கையெழுத்து இருக்கிறது. நான் அந்த இடத்தின் கேட்டைத் தாண்டியதே இல்லை. அந்தப் படிக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி என்பதே விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

நட்டுபோல்ட்டு:

நான் போன பக்கம். பேக்கிங் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள், இரண்டு நாள் பேக்கிங்தான் செய்தேன். மூன்றாம் நாள் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் ஆள் வரவில்லை என்று சூப்பர்வைசர் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

இரண்டு பச்சை பட்டன் உள்ள பிரஸ். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும், கை எதுவும் டைக்குள் (தகட்டை அழுத்தும் அச்சு) மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி. அந்த மெஷினில் இடது பக்கப் பட்டனை ஒரு மரச்சீவலைச் செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்திருந்தார்கள். சீவல் புதிதல்ல. எண்ணெய் ஏறிக் கறுத்துப்போய், மெஷினோடு வந்த பாகம் மாதிரியே இருந்தது. "ஒரு கையால தகடு வை, ஒரு கையால அழுத்து, எண்ணிக்கை தானா ஏறும்" என்று சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

மாட்டேன் என்றேன். ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, நாளைக்குப் பேசிடறோம்." மறுநாள் என் கேட் பாஸ் வேலை செய்யவில்லை. அது போகட்டும், வேலை வேறு கிடைத்தது. நான் எழுந்து வந்த அந்த ஸ்டூலில் மறுநாள் யாரை உட்கார வைத்தார்கள்? அதே ஏஜென்சிதான் அனுப்பியிருக்கும். என் போனை எடுத்துப் பேசியவரே அனுப்பியிருப்பார்.

மஞ்சள் தொப்பி:

சேஃப்டி ஆபீசர் பேசுகிறேன், அதாவது உங்கள் கதைகளில் வரும் 'கம்பெனி'. மரச்சீவலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது குற்றம். ஆனால் மூன்றாவது ஷிஃப்ட் சார், ஷூ விஷயத்தில் நீங்கள் மனசாட்சியை ரொம்பத்தான் அலங்கரிக்கிறீர்கள். பத்தாம் நம்பரைக் கொடுத்தது நீங்கள். இன்னொரு ஜோடி வாங்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

என் பங்குக்கு ஒன்று. காலை ஏழு மணி ரவுண்டில் ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதையில், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, ஒருவர் தூணில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே. கையில் ஸ்கேனர் அப்படியே இருக்கிறது, அதன் சிவப்பு வெளிச்சம் தரையில் ஆடுகிறது. பின்னால் லோடு ஏற்றிய வண்டி ரிவர்ஸில் வருகிறது. நான் கத்திய கத்தலில் டிரைவர்தான் முதலில் பயந்துபோனார்.

விசாரித்தால், முந்தைய இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை வேறொரு இடத்தில் வேலை. இரண்டு இடத்துக்கும் அனுப்பியது ஒரே ஏஜென்சி. எனக்கு அது தெரிய வழியே இல்லை. எங்கள் பதிவேட்டில் அவர் முதல் ஷிஃப்ட்டுக்குப் புதிதாக வந்தவர். இரண்டு ஷிஃப்ட்டுக்கும் பில் போட்ட ஆபீசுக்குத் தெரியாதா? இண்டக்‌ஷன், அதாவது புதியவர்களுக்கான பாதுகாப்பு விளக்கம், நான் கொடுக்கிறேன், மெஷினுக்கு நான் பொறுப்பு. ஆள் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பதற்கு யார் பொறுப்பு?

நட்டுபோல்ட்டு:

@மஞ்சள் தொப்பி, இரண்டு ஷிஃப்ட் பார்க்காமல் அவருக்குக் கட்டுப்படியாகுமா என்று ஒரு தடவை கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்கே கேட் பாஸைப் பிடுங்கியிருப்பீர்கள்.

மஞ்சள் தொப்பி:

பிடுங்கவில்லை. ஓய்வறையில் படுக்க வைத்தேன். மறுநாளிலிருந்து அவரை ஏஜென்சியே அனுப்பவில்லை.

துடைப்பம்:

நான் சின்னதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை, எங்கள் ஏஜென்சியிலிருந்து நாலு பெண்கள். ஒருநாள் ஃபயர் அலாரம் அடித்தது. நான் நாலாவது மாடிக் கழிவறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திகையா நிஜமா என்று தெரியாது. எந்தப் படியில் இறங்க வேண்டும் என்றும் தெரியாது, ஏனென்றால் நாங்கள் எப்போதும் சர்வீஸ் லிஃப்டில்தான் வருவோம், அது நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள், ஒருவர் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார். கடைசியில் கையை உயர்த்தி மைக்கில் சொன்னார்: "எல்லாரும் வந்தாச்சு, ஒருத்தரும் உள்ளே இல்லை."

நான் கையில் பிரஷ்ஷோடு மேலேயிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. பட்டியலில் இருந்த எல்லோரும் வந்திருந்தார்கள்.

அப்புறம் எங்கள் மேடத்திடம் சொன்னதற்கு, "அது அவங்க பட்டியல், நம்ம ஆளுங்க நம்ம பட்டியல்ல இருக்காங்களே" என்றார். நம்ம பட்டியல் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கட்டடம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

கோப்புக்காரன்:

துடைப்பம் அக்கா சொன்னது போலவே எனக்கும் ஒன்று உண்டு. கெமிக்கல் குடோனுக்கு அனுப்பிய ஒருவருக்குக் கண் கழுவும் குழாய் எங்கே என்று தெரியவில்லை, தண்ணீர் பாட்டிலால் கழுவினார், பார்வை தப்பியது. அதை விடுங்கள். இங்கே எல்லோரும் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறீர்கள், அதைச் சரிசெய்ய வேண்டும்.

'நீயா நானா' என்ற கேள்வியே தப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை, 1997இல் வந்தது, தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகளைப் பற்றியது. ஏஜென்சி அமர்த்தும் தொழிலாளியின் பணிப் பாதுகாப்பும், விபத்து நேர்ந்தால் இழப்பீடும் ஏஜென்சிக்கு எவ்வளவு, வேலை வாங்கும் நிறுவனத்துக்கு எவ்வளவு என்று நாடுகள் பிரித்து வரையறுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. வரையறு என்றுதான் சொல்கிறது, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விடச் சொல்லவில்லை. அதோடு வந்த பரிந்துரை, ஏற்க முடியாத ஆபத்துள்ள வேலை என்று தெரிந்தே ஆளை அனுப்பக் கூடாது என்று ஏஜென்சிக்கு நேராகவே சொல்கிறது. ஐரோப்பாவில் அதற்கும் முன்பே, 1991இல், ஒரு நெறிமுறை வந்துவிட்டது. வேலையின் தன்மை என்ன, என்ன தகுதி வேண்டும் என்று நிறுவனம் ஏஜென்சிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏஜென்சி அதை அப்படியே தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். ஆள் அங்கே வேலை செய்யும் காலம் முழுக்க வேலைச் சூழலுக்கு அந்த நிறுவனம் பொறுப்பு. ஆனால் அதனால் ஏஜென்சியின் பொறுப்பு கழன்றுவிடாது. பல நாடுகளின் சட்டம் இப்படித்தான் போகிறது: பொறுப்பு இருவருக்கும் உண்டு, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதை அடுத்தவர் தலையில் கட்டிவிட முடியாது.

அதனால் நான் இருந்த இடத்தில் என்ன செய்தோம் என்றால், 'உபகரணங்கள் வழங்கப்படும்' என்ற வரியையே அடித்துவிட்டோம். ஷூ யார், கையுறை யார், தேய்ந்தால் மாற்றுவது யார், அளவு கேட்பது யார் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தரப்பின் பெயர். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஒருவர் போய்த் தொழிலாளி நிற்கப்போகும் அதே இடத்தில் கால் மணி நேரம் நிற்க வேண்டும். மீட்டிங் அறையில் டீ குடித்துவிட்டு வருவது கணக்கில் சேராது. வேலையை மாற்றினால், ஒரு மணி நேரத்துக்கு என்றாலும், முன்கூட்டியே ஏஜென்சியிடம் சொல்ல வேண்டும் என்று எழுத வேண்டும், நட்டுபோல்ட்டுக்கு நடந்தது இது இல்லாததால்தான். முதல் நாள் மாலையும் மூன்றாம் நாளும் தொழிலாளிக்கே போன் செய்யுங்கள், சூப்பர்வைசருக்கு அல்ல. "எல்லாம் ஓகேவா" என்று கேட்டால் ஓகே என்றுதான் சொல்வார். "இன்னைக்கு எந்த மெஷின்ல நின்னீங்க, யார் சொல்லிக் கொடுத்தாங்க, தீ பிடிச்சா எந்தக் கதவு" என்று கேட்டுப் பாருங்கள். விபத்து நடந்தால் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டிலும் ஏறாது. வேலையை மறுத்து வந்தவரை அனுப்பாமல் விட்டால் அடுத்தவர் மறுக்க மாட்டார், அதையும்

நட்டுபோல்ட்டு:

ஐயா, கண்ணில் கெமிக்கல் பட்டவர் என்ன ஆனார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கோப்புக்காரன்:

பார்வை தப்பியது என்றுதான் எழுதினேனே. அதாவது பிழைத்தது. வேறு வேலைக்குப் போய்விட்டார்.

உலைக்காரி மகன்:

மேலே ஒருவர் நின்றுகொண்டே தூங்கியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் வார்ப்படத் தொழிற்சாலையில் நிரந்தர ஆள். ஏஜென்சியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் முதல் நாளே உலைப் பக்கம் எங்களோடு முழு ஷிஃப்ட் நின்றார். மதியத்துக்கு மேல் பேச்சு குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஃபோர்மேன் திட்டினார், நாங்களும் சிரித்தோம். நான் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு தொட்டுப் பார்த்தால் உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. தோளில் தண்ணீரைக் கொட்டி, மின்விசிறி முன்னால் போட்டு, ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்தார்.

வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. புதியவர் முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அந்தச் சூட்டில் நிற்க வேண்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. எட்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே. ஆனால் ஏஜென்சி பில் முதல் நாளே எட்டு மணி நேரத்துக்குத்தான் வரும், ஃபோர்மேனும் எட்டு மணி நேரம் வேலை வாங்கத்தான் பார்ப்பார்.

மஞ்சள் தொப்பி:

உலைக்காரி மகன் சொன்னதற்குப் பதில் இல்லை. எங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் புதிய ஆட்களை எப்படி நிறுத்துகிறார்கள் என்று நாளைக்குப் பார்க்கிறேன். துடைப்பம் அம்மா, அலாரம் அடித்தால் பெயர் கூப்பிடும் எங்கள் மஸ்டர் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். கேன்டீன் ஆட்கள் ஏழு பேர் அதில் இல்லை.

மூன்றாவது ஷிஃப்ட்:

மஞ்சள் தொப்பி கேட்டதற்குப் பதில்: இன்னொரு ஜோடி வாங்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். எட்டு மணிக்குக் கடை திறக்கும், ஷிஃப்ட் ஏழுக்கு. ஆள் குறைந்தால் எங்களுக்கு அபராதம். அன்றைக்கு இதெல்லாம் காரணமாகத் தெரிந்தது.

அந்தப் பையனுக்கு எலும்பு சேர்ந்துவிட்டது, கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறான். போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். வேறொரு ஏஜென்சி மூலமாக அதே குடோனுக்குத்தான் போகிறானாம். "இப்ப படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டுட்டாங்க சார்" என்றான். என் கண் அவன் காலுக்குத்தான் போனது. செருப்பு போட்டிருந்தான், ஷூ பையில் இருந்தது. என்ன நம்பர் என்று கேட்க வாய் வரவில்லை.