கம்ப்யூட்டர் கேம்ல நாம போட்ட மேப்பை வேற ஆள் விளையாடிப் பாத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க

கோரிமேட்டுக்காரன்:
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, கான்கரர்ஸ், படை திரட்டி சண்டை போடற கேம். அதுலயே மேப் போடறதுக்கு இருக்கற எடிட்டர்ல ஏற்காடு மலை ரோட்டைப் போட்டு வச்சிருந்தேன், அடிவாரத்துல இருந்து சேர்வராயன் கோயில் வரைக்கும். பென்டிரைவ்ல யார் யார் கைக்கோ போயிருக்கு. அஸ்தம்பட்டில ஒரு பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுக்க நிக்கிறேன், ஓரத்து சிஸ்டத்துல ஒரு பையன் அதே மேப்பை ஓட்டிக்கிட்டு இருக்கான்.

மலை மேல சேலத்தைப் பாக்கற லேடிஸ் சீட் இருக்கற எடத்துல ஒரு ட்ரிக்கர். ஸ்கவுட், அதான் வேவு பாக்கற குதிரைக்காரன், அங்க போய் நின்னா ஒரு வரி வரும். தமிழ் எழுத்து அதுல வராதுன்னு இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சிருந்தேன்: "இங்கிருந்து பாத்தா சேலம் தெரியும்". பையன் சத்தமாப் படிச்சான். ஸ்கிரீன்ல குதிரையைச் சுத்தி நாலு கட்டம், அதுக்கு அந்தப் பக்கம் பூராவும் கறுப்பு. "எங்கடா தெரியுது?"ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட கேட்டுட்டு, எண்டர் தட்டி மேப்பைப் பூரா தெரிய வைக்கற சீட் கோடு மார்க்கோ, போலோ ரெண்டையும் அடிச்சுட்டான்.

அவ்ளோதான். ஐந்து ரோடு, வெள்ளைக்கல் சுரங்கம், செவ்வாப்பேட்டை மார்க்கெட் எல்லாம் பளிச்சுனு வந்துருச்சு. மூக்கனேரிப் பக்கம் மரத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்த பெர்சியன் யானைப் படையும் சேத்து. அந்த யானைக்காகத்தான் மேப்பையே போட்டேன். அவன் "ஓ, யானையா"ன்னு சொல்லிட்டு க்விட் பண்ணிட்டுப் போயிட்டான். அந்த "ஓ, யானையா" இருக்கே, இன்னும் கடுப்பா இருக்கு.

கஞ்சமலை சித்தன்:
அண்ணா, பையன் மேல என்ன தப்பு? சேலம் தெரியும்னு எழுதுனது நீங்க. தெரியலன்னா தெரிய வச்சுக்கிட்டான்.

எனக்கு நடந்தது ஹாஸ்டல்ல. கஞ்சமலைக்கு ஒரு மேப். மேல போறதுக்கு ஒரே ஒரு சந்துதான், மத்ததெல்லாம் அடர்ந்த காடு. சந்துல ரெண்டு கேசில், மேட்டுல நிக்கறவனுக்கு அடி 25 சதவீதம் கூட விழும். எவனும் ஏற முடியாதுன்னு மார்தட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு ஜூனியர் வந்தான், சந்துப் பக்கமே திரும்பல. மலைக்குப் பின்பக்கம் சீஜ் ஆனேஜர்னு கல்லெறியற வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, மரம் இருக்கற எடத்தை அடின்னு அட்டாக் கிரவுண்ட் கொடுத்தான். கல்லு விழ விழ மரம் காணாமப் போகுது. சலூன்ல நடுமண்டையில மிஷின் ஓட்டுன மாதிரி ஒரே நேர் ரோடு. ரூம்ல இருந்த மொத்தப் பேரும் கட்டில் மேல ஏறி நின்னு பாத்தானுங்க. கேசில் ரெண்டும் கடைசி வரைக்கும் ஒரு அம்பு விடல.

ட்ரிக்கர் தம்பி:
என் கதை சின்னது. எங்க மாமா பையன் என் மேப்பைத் திறந்து, சண்டையே போடாம ஆட்டுக்குட்டியெல்லாம் ஒரு எடத்துல சேத்து வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

ஆனா முதல் பதிவு போட்ட அண்ணனுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். எடிட்டர்ல மேப் ரிவீலர்னு ஒரு பொருள் இருக்கு, அதை வச்ச எடத்துல இருட்டு விலகிரும். கண்டிஷன்ல பிரிங் ஆப்ஜெக்ட் டு ஏரியா, ஏரியா லேடிஸ் சீட். எஃபெக்ட்ல கிரியேட் ஆப்ஜெக்ட், மேப் ரிவீலர், பிளேயர் 1 பேர்ல. ஒண்ணு பத்தாது, ஐந்து ரோட்டுல ஒண்ணு, செவ்வாப்பேட்டைல ஒண்ணு, பஸ் ஸ்டாண்டுல ஒண்ணுன்னு தூவி விடுங்க, மூக்கனேரிய மட்டும் விட்டுருங்க. அப்புறம் சேஞ்ச் வியூ போட்டா கேமராவே சேலத்துக்குப் போயிரும். டைமர் வச்சு அடுத்த ட்ரிக்கர்ல ரிமூவ் ஆப்ஜெக்ட் கொடுத்தா திரும்ப மங்கலாயிரும். பையன் எதுக்கு மார்க்கோ அடிக்கப் போறான்? கஞ்சமலை அண்ணனுக்கு: காட்டை நம்பாதீங்க, பாறை போடுங்க. எடிட்டர்ல கிளிஃப்னு இருக்கும். அதை ஆனேஜர் ஒண்ணும் பண்ண முடியாது, ஆளும் ஏற முடியாது.

கோரிமேட்டுக்காரன்:
தம்பி, அந்த சென்டர் இருந்த எடத்துல இப்ப செல்போன் கடை. நான் ஆத்தாமையைச் சொன்னா நீ ரிப்பேர் பண்ணித் தர்ற.

அம்மாபேட்டை அக்கா:
எங்க வீட்ல தறி. சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடற கிராஃப் தாள் கட்டுக் கட்டா கிடக்கும், அதுலதான் நானும் தம்பியும் மேப் வரைவோம், ஒரு கட்டத்துக்கு ஒரு டைல்னு. தண்ணி நீலம், காடு பச்சை, ரோடு காவி. 2012ல கரண்டு போய்ப் போய் வருமே, அப்ப கரண்டு இல்லாத நேரம் பூரா தாள்லதான் வேலை, வந்ததும் ஓடிப்போய் எடிட்டர்ல ஏத்துவோம்.

ஒருநாள் எங்கப்பா அந்தத் தாளை எடுத்துப் பாத்தாரு. திட்டுவாருன்னு நின்னோம். தாளை அப்படியும் இப்படியும் திருப்பி, ஏரிக்கரை ஓரமா விரலை ஓட்டிக்கிட்டே போயி, "ஏம்மா, பார்டர் இந்தப் பக்கம் சரியா வந்திருக்கு, எதிர்ப்பக்கம் விட்டுட்டியே? முந்தி எங்க?"ன்னாரு. அது வெள்ளார் ஏரிப்பா, விளையாட்டுன்னு சொன்னோம். அவர் நம்பல. மறுநாள் பாத்தா எதிர்ப்பக்கமும் அதே வளைவைப் பென்சில்ல போட்டு வச்சிருந்தாரு. தம்பி அப்படியே எடிட்டர்ல ஏத்திட்டான். ரெண்டு பக்கமும் ஏரி இருக்கற மேப் அது ஒண்ணுதான் எங்ககிட்ட. ரெண்டு பேருக்கும் சமமா மீன் கிடைக்கும், அதனால அதைத்தான் எல்லாரும் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க.

கஞ்சமலை சித்தன்:
அக்கா, அப்பா பேலன்ஸ் பண்ணிக் கொடுத்திருக்காரு!

பதினெட்டாம் வளைவு:
எல்லாம் இருக்கட்டும். கோரிமேட்டுக்காரரே, ஏற்காடு ரோட்டுக்குக் கொண்டை ஊசி வளைவு 20. ஒவ்வொண்ணுலயும் போர்டு நிக்குது. உங்க மேப்புல எத்தனை?

கோரிமேட்டுக்காரன்:
11. டைனி சைஸ், 120க்கு 120 கட்டம். அதுக்குள்ள ஊரும் வரணும், மலையும் வரணும். உயரமும் ஏழு மட்டத்துக்கு மேல எடிட்டர் தராது.

பதினெட்டாம் வளைவு:
ஜயண்ட் எடுத்தா 240க்கு 240.

கோரிமேட்டுக்காரன்:
அன்னிக்கு சென்டர் சிஸ்டத்துல ஜயண்ட் மேப்பைத் திறந்து பாத்திருக்கீங்களா? குதிரை ஒரு வளைவு திரும்பறதுக்குள்ள ஒரு மணி நேரக் காசு போயிரும்.

பதினெட்டாம் வளைவு:
அப்ப ஏற்காட்டுக்கு ஏறுற இன்னொரு ரோடு இருக்கே, குப்பனூர் வழி, அந்தப் பேரை வச்சிருக்கணும்.