முரளியின் எம்ஆர்ஐ: குடும்பக் குழுவில் ஒரு மாலை

பெரியம்மா: கவிதா, முரளிக்கு ஸ்கேன் எடுத்தாச்சா?

கவிதா: இல்லை பெரியம்மா. இன்சூரன்ஸ் கம்பெனி அனுமதி தரவில்லை. 6 வாரம் பிசியோதெரபி முடித்துவிட்டு மறுபடி கேளுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. இடது கால் மரத்துப்போகிறது என்று டாக்டர் எழுதியும் இதே பதில்.

பெரியப்பா: நேரில் பார்த்த டாக்டர் வேண்டும் என்கிறார். கம்பெனிக்காரன் எப்படி வேண்டாம் என்பான்? மாதாமாதம் பணம் கட்டுகிறீர்களே!

கவிதா: இங்கே அமெரிக்காவில் எதற்கெடுத்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் பெரியப்பா. கிளினிக்கில் எனக்கு நாள் முழுக்க இதே வேலைதான். நேற்று ஒரு அம்மாவுக்காக 11 பக்கம் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு 40 நிமிடம் போனில் காத்திருந்தேன். கடைசியில் ‘3-ஆம் பக்கம் தெளிவாக இல்லை, திரும்ப அனுப்புங்கள்’ என்றார்கள். அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரவு தூக்கமே வரவில்லை.

பெரியப்பா: ஒபாமா மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தாரே. அதில் இதெல்லாம் சரியாகவில்லையா?

கவிதா: நல்லதும் நடந்தது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி பாலிசி மறுப்பது 2014-உடன் நின்றது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அரசே ஒரு இன்சூரன்ஸ் நடத்தும், வேண்டியவர்கள் சேரலாம் என்று ஒரு பகுதியும் இருந்தது. பப்ளிக் ஆப்ஷன் என்பார்கள். 2009 நவம்பரில் கீழவையில் நிறைவேறிய மசோதாவில் அது இருந்தது. மேலவையான செனட்டில் 60 ஓட்டு வேண்டும். எங்கள் கனெக்டிகட் மாநிலத்தின் அன்றைய செனட்டர் ஜோ லிபர்மன், அது இருந்தால் ஆதரவு இல்லை என்றார். டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். இதே மாநிலத்தில் நாங்கள் இருக்கிற ஹார்ட்ஃபோர்டை ‘இன்சூரன்ஸ் தலைநகரம்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ராஜேஷ்: கம்பெனிகளும் சீர்திருத்தத்துக்கு ஒத்துழைப்போம் என்றுதானே சொன்னார்கள், கவிதா?

கவிதா: வெள்ளை மாளிகையிலேயே சொன்னார்கள் அண்ணா. அதே 2009-இல் அவர்களுடைய சங்கம் அமெரிக்க வர்த்தக சபைக்கு 8.6 கோடி டாலர் கொடுத்தது. சட்டத்துக்கு எதிரான விளம்பரங்களுக்குத்தான் அந்தப் பணம். மறுவருடம்தான் செய்தியில் வந்தது.

பெரியப்பா: கிளிண்டன் காலத்திலும் ஏதோ முயற்சி நடந்ததே?

கவிதா: ஆமாம். அப்போது நேரடியாகவே எதிர்த்தார்கள். ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து புதுத் திட்டத்தை நினைத்துக் கவலைப்படுகிற மாதிரி டிவி விளம்பரம். ஹாரி, லூயிஸ் என்று பெயர். இன்சூரன்ஸ் சங்கம் செலவு செய்தது. 1994 செப்டம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. 2009-இல் பேச்சுவார்த்தைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார்கள். அரசுப் போட்டி போய்விட்டது. எல்லோரும் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அரசு மானியமும் மிஞ்சின. புது வாடிக்கையாளர்கள் அவர்களிடமே வந்தார்கள்.

ராஜேஷ்: நான் அவர்கள் பக்கம் பேசவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி விலைதான் பெரிய கொள்ளை. இன்சூரன்ஸ் லாபத்துக்காவது சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. பிரீமியத்தில் 80, 85 சதவீதம் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கவிதா: ஆஸ்பத்திரி விலை பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் மீதி 15 சதவீதம் எதில் 15 என்று பாருங்கள் அண்ணா. 100 டாலர் 200 ஆனால் அவர்கள் பங்கும் 15-லிருந்து 30 ஆகிறது. விலையைக் குறைக்க என்ன அவசரம்? 2024-இல் வேலை பார்க்கும் இடம் வழியாக வரும் குடும்ப பிரீமியம் சராசரியாக வருடத்துக்கு 25,572 டாலர்.

பெரியப்பா: 25 ஆயிரம் டாலரா!

கவிதா: நம் கையிலிருந்து நேரே போவது அதில் ஒரு பங்குதான். மீதியை வேலை கொடுப்பவர் கட்டுகிறார். ஆனால் அதுவும் சம்பளமாக வந்திருக்க வேண்டிய பணம்தானே. வெண்டெல் பாட்டர் என்று ஒருவர், சிக்னா என்ற இன்சூரன்ஸ் கம்பெனியில் செய்தித் தொடர்புத் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். 2009 ஜூனில் செனட் குழுவில் வந்து சாட்சி சொன்னார். பங்குச் சந்தை முதலீட்டாளர்களைத் திருப்திப்படுத்துவதற்காக நோயாளிகளைக் கழித்துவிடுகிறார்கள் என்றார். அந்த 11 பக்கத்தை அனுப்பும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

பெரியம்மா: அது இருக்கட்டும் அம்மா. முரளிக்கு இனி என்ன?

கவிதா: நாளை காலை எங்கள் டாக்டர் கம்பெனி டாக்டரிடம் போனில் பேசப் போகிறார். அந்தக் கம்பெனி டாக்டர் முரளியைப் பார்த்ததே இல்லை. சம்மதித்தால் இந்த வாரமே ஸ்கேன். இல்லையென்றால் மேல்முறையீடு. கடிதத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

பெரியம்மா: கால் மரத்துப்போவது கூடினால் யார் அனுமதிக்கும் காத்திருக்காதே, எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போ. எத்தனை மணியானாலும் போன் பண்ணு.

கவிதா: சரி பெரியம்மா.